அண்ணாமலைக்கு வந்த புகைவண்டி

மனிதர்க்கு வாழ்வும் தாழ்வும் உண்டாதல் போல ஊர்களுக்கும் உண்டு. பாண்டியரின் துறைமுகமாக விளங்கி முத்துக் குவித்த கொற்கை, கடல் பின்வாங்கியபின் இன்று கரைக்குத் தொலைவில் அமைந்த சிற்றூராக இருக்கிறது. நீர்வழி மாறினால் துறைமுகம் மறைகிறது. பெருவழி மாறினால் சந்தை கலைகிறது. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் நம் நாட்டு ஊர்களின் ஏற்றத் தாழ்வுக்குக் காரணமாக இருந்த மற்றொரு வழி இருப்புப் பாதையாகும். அப்பாதை வந்ததும், வளர்ந்ததும், தளர்ந்ததும், பல இடங்களில் மறைந்ததும் நாம் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு. எங்கள் ஊருக்கு அருகில் ஓடிய ஒரு சிறு பாதையைக் கொண்டே அவ்வரலாற்றைக் காண்போம்.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலையில் மலைக்குக் கிழக்கே பெருங்கோயிலும் நகரமும் உள்ளன; மலைக்கு மேற்கே, வலம்வரும் வழியில், எங்கள் சிற்றூர் அமைந்திருக்கிறது. இங்கும் பழமையான சிவன் கோயில் ஒன்று உண்டு. இருப்புப் பாதையோ மலைக்குக் கிழக்கே, நகரத்தை ஒட்டிச் செல்கிறது. எனவே புகைவண்டியை நாங்கள் வீட்டிலிருந்து கண்டதில்லை. மலை நடுவே நின்று மறைத்தது. ஆயினும் எங்கள் ஊராரின் விளைபொருளும், உறவும், பிழைப்பும் அவ்வண்டியோடு பிணைந்திருந்தன.

பாதை வந்த கதை

நம் நாட்டில் முதன்முதல் அமைத்த இருப்புப் பாதைகளில் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் ஐந்தடி ஆறங்குலம். இக்கால அளவையில் இது 1676 மில்லிமீட்டர். இதனையே அகலப் பாதை என்கிறோம். இத்தகைய பாதைக்கு நிலமும் மிகுதியாக வேண்டும். இரும்பும் மிகுதியாக வேண்டும். பாலங்களும் பெரியனவாக இருத்தல் வேண்டும். பெருநகரங்களை இணைக்கும் பாதைக்கு இச்செலவு தகும். உள்நாட்டுச் சிற்றூர்கள் வழியே செல்லும் பாதைக்கு இவ்வளவு செலவு செய்வது எவ்வாறு? இவ்வினாவை எண்ணிய மேயோ பிரபு, கி. பி. 1870 ஆம் ஆண்டளவில், செலவு குறைந்த சிறு பாதைகளையும் அமைக்கலாம் என்று முடிவு செய்தார். அவற்றின் அகலம் சரியாக ஒரு மீட்டர். ஆதலால் அவை மீட்டர் பாதைகள் எனப் பெயர் பெற்றன.

அத்தகைய மீட்டர் பாதை ஒன்று விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர், திருவண்ணாமலை, போளூர், வேலூர் வழியாகக் காட்பாடிக்கு 1891 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இதன் நீளம் 161 கிலோமீட்டர். காட்பாடிக்கு வடக்கே அது பாகாலை நோக்கிச் சென்றது. தெற்கிலிருந்து திருப்பதிக்குச் செல்வோர்க்கும், எங்கிருந்தும் அண்ணாமலைக்கு வருவோர்க்கும் இப்பாதை பெருந்துணையாயிற்று. அதுவரை மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் நாட்கணக்கில் வந்தவர்கள், சில மணி நேரத்தில் மலையடியில் வந்து இறங்கினர்.

இப்பாதையின் தொடக்க காலத்தோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1896 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மதுரையில் பயின்றுவந்த வேங்கடராமன் என்னும் பதினாறு வயதுச் சிறுவர் அண்ணாமலைக்குச் செல்லத் துணிந்தார். வீட்டிலிருந்த தேசப் படப் புத்தகத்தில் வழி பார்த்தார். அது பழைய புத்தகம். 1891 இல் வந்த புதிய பாதை அதில் இல்லை. திருவண்ணாமலைக்கு அண்மையில் உள்ள நிலையம் திண்டிவனமே என்று கருதி அவ்வூருக்குச் சீட்டு வாங்கினார். அதன் விலை இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. வண்டியில் உடன் வந்த மௌல்வி ஒருவர், விழுப்புரத்திலிருந்தே திருவண்ணாமலைக்குப் பாதை இருக்கிறது என்று கூறினார். அதனால் அவர் விழுப்புரத்தில் இறங்கினார். கையில் எஞ்சிய காசு மாம்பழப்பட்டு வரையில் செல்வதற்கே போதுமானதாக இருந்தது. அங்கிருந்து நடந்தார். வழியில் தம் காதணியை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்துத் திருக்கோவிலூரில் மீண்டும் வண்டி ஏறி, 1896 செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அச்சிறுவரே பின்னாளில் இரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர். பாதை வந்து ஐந்தாண்டு ஆகியும் படத்தில் ஏறவில்லை. புத்தகம் சொல்லாததை உடன் வந்த பயணி சொன்னார். புகைவண்டியில் அந்நியர் பலர் ஓரிடத்தில் அமர்ந்து பேசிக்கொண்டு செல்வதன் பயன் அது.

சரக்குக் கொட்டகை

என் இளமையில், அஃதாவது ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்னர், திருவண்ணாமலை வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. எங்கள் பக்கத்து மானாவாரி நிலங்களில் நிலக்கடலை மிகுதியாக விளையும். அதனை எங்கள் ஊரார் மல்லாட்டை என்று சொல்வர். அறுவடை முடிந்து, காய் உலர்ந்து, மூட்டை கட்டியதும் என் பாட்டனார் கட்டை வண்டியைப் பூட்டுவார். விடியுமுன் புறப்படுவோம். எங்கள் ஊரிலிருந்து நகரத்துக்கு மலையின் வடபுறமாகவும் போகலாம், தென்புறமாகவும் போகலாம். பாட்டனார் எப்பொழுதும் வடபுறமாகவே போவார். திரும்பும்போது தென்புறமாகவே வருவார். காரணம் கேட்டேன். “மலை நமக்கு வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும், அப்பா. மூட்டையும் போய்ச் சேரும், மலையையும் வலம் வந்ததாகும்” என்றார். சுற்றுவழி பதினான்கு கிலோமீட்டர். மாடுகளும் அவ்வழியை நன்கு பழகியிருந்தன.

மண்டியில் விலை பேசி முடிந்தபின் மூட்டைகள் நிலையத்தின் சரக்குக் கொட்டகைக்குச் செல்லும். அங்கு நடைபெறும் காரியங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பதே எனக்குப் பேரின்பம். வணிகர் முன்னரே தமக்கு வேண்டிய சரக்குப் பெட்டிக்கு எழுதிக் கொடுத்துப் பதிவு செய்திருப்பார். வெற்றுப் பெட்டி வரும் நாளில் மூட்டைகளைத் தராசில் இட்டு எடை பார்ப்பார்கள். எடைக்கும் தொலைவுக்கும் ஏற்பக் கட்டணம் விதித்து, அலுவலர் ரசீது ஒன்று எழுதித் தருவார். அந்த ரசீதே சரக்குக்கு உரிமைச் சீட்டு. வணிகர் அதனை அஞ்சலில் அனுப்புவார். தொலைவிலுள்ள வாங்குவோர் அதனைக் காட்டிச் சரக்கைப் பெறுவார். ஒருவரை ஒருவர் பார்த்தறியாத இருவர், ஒரு தாளை நம்பி வாணிகம் செய்தனர். மூட்டைகள் ஏறியதும் பெட்டியின் கதவைச் சாத்தி, கம்பியிட்டு, ஈய முத்திரை பதிப்பார்கள். பின்னர்ச் சரக்கு வண்டி வந்து அப்பெட்டியைத் தன்னோடு கோத்துக்கொண்டு செல்லும்.

அச்சரக்கு வண்டிக்கு விரைவு என்பது இல்லை. ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கும். ஓரிடத்தில் ஒரு பெட்டியைக் கழற்றி விடும்; வேறோரிடத்தில் இரண்டு பெட்டிகளைச் சேர்த்துக்கொள்ளும். போளூரில் ஒன்று, ஆரணி ரோட்டில் ஒன்று என்று சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்டே போகும். ஆரணி ரோடு என்னும் பெயரைக் கவனியுங்கள். பாதை ஆரணி நகரத்துக்குள் செல்லவில்லை. ஆரணிக்குச் செல்லும் சாலையருகே, அரிசிக்குப் பேர்பெற்ற களம்பூரில், நிலையம் அமைந்தது. நிலையத்தின் பெயரோடு ரோடு என்னும் சொல் சேர்ந்திருந்தால், ஊர் சற்றுத் தொலைவில் உள்ளது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அந்த இடைவெளியை மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் நிரப்பின. ஆகவே ஒரு புகைவண்டி நிலையம் நூறு வண்டிக்காரர்க்கும் பிழைப்பளித்தது.

பயணிகள் வண்டி

இப்பாதை ஒற்றைப் பாதை. ஒரே தண்டவாளத்தில் இருபுறமும் வண்டிகள் ஓட வேண்டும். எதிரெதிராக இரு வண்டிகள் வந்துவிட்டால் பெருந்தீங்கு நேரும். அதனைத் தடுக்க ஓர் எளிய ஏற்பாடு இருந்தது. இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதைக்கு உரிய அடையாளப் பொருள் ஒன்றைப் பெற்றால்தான் எஞ்சின் ஓட்டுநர் வண்டியைச் செலுத்தலாம். இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு முறைக்கு ஓர் அடையாளமே வெளிவரும். அதனைப் பையிலிட்டு, பெரிய வளையமொன்றில் கட்டி நீட்டுவார்கள். நில்லாது செல்லும் வண்டியிலிருந்து ஓட்டுநர் கையை நீட்டி, வளையத்தைத் தோளில் ஏந்திக்கொள்ளும் காட்சி எங்களுக்கு வித்தையாகத் தோன்றியது. அந்த வித்தையில்தான் அத்தனை பயணிகளின் உயிரும் அடங்கியிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

பயணச்சீட்டு கெட்டியான சிறு அட்டை. எண் முன்னரே அச்சிடப்பட்டிருக்கும். சீட்டு விற்பவர் அதனை ஒரு கருவியில் செருகித் தேதியைப் பதிப்பார். ‘டக்’ என்னும் அவ்வொலி கேட்டால் பயணம் தொடங்கிவிட்டதென்று பொருள்.

என் தந்தையாரின் தங்கை, என் அத்தை, துரிஞ்சாபுரம் நிலையத்துக்கு அருகிலுள்ள சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவர். துரிஞ்சாபுரம் திருவண்ணாமலைக்கு வடக்கே அடுத்துள்ள நிலையம். அத்தைக்குச் சிறிது தோட்ட நிலம் இருந்தது. கத்தரி, வெண்டை, கீரை பயிரிடுவார். காலை வண்டியில் கூடையோடு ஏறித் திருவண்ணாமலையில் இறங்குவார், தெருக்களில் விற்பார், மாலை வண்டியில் திரும்புவார். அவரைப் போன்ற பெண்கள் பத்துப் பன்னிருவர் ஒரே பெட்டியில் வருவர். கூடைகளை நடுவில் அடுக்கி வைத்துக்கொண்டு சுற்றி அமர்ந்து பேசுவர். ஒருவருக்கு உடல்நலம் இல்லையென்றால் அவர் கூடையையும் மற்றொருவர் ஏற்றி வந்து, விற்ற காசை முந்தானையில் தனியே முடிந்து கொண்டுபோய்க் கொடுப்பார். அப்பெட்டி அவர்களுக்கு வண்டியாக மட்டும் இருக்கவில்லை, சங்கமாகவும் இருந்தது.

கார்த்திகைத் தீபத்தின்போதோ நிலையம் முழுவதும் மக்கள் வெள்ளமாகும். பெட்டிகளின் உள்ளே இடமில்லாமல் படிகளிலும் மக்கள் தொங்கி வருவர். தீபத் திருவிழாவை ஒட்டி மாட்டுச் சந்தையும் கூடும். மலை உச்சியில் தீபம் ஏறியதும், அவ்வேளையில் வந்துகொண்டிருக்கும் வண்டியிலிருந்து ‘அரோகரா’ என்னும் முழக்கம் எழும்.

தளர்ச்சிக்குக் காரணங்கள்

இத்தகைய வண்டிக்குத் தளர்ச்சி வந்தது ஏன்? பாதை எங்கும் ஒரே அகலமாக இல்லாமையே முதற் காரணம். காட்பாடி வழியே செல்லும் சென்னைப் பெரும்பாதை அகலப் பாதை. எங்கள் மல்லாட்டை மூட்டை அவ்வழியே செல்ல வேண்டுமானால், மீட்டர் பாதைப் பெட்டியிலிருந்து இறக்கி, அகலப் பாதைப் பெட்டியில் மறுபடியும் ஏற்ற வேண்டும். சுமப்பதற்குக் கூலி, காத்திருக்க நாள், சாக்குக் கிழிந்து சிந்துவதால் இழப்பு. ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் போதிய இடத்தில் இரண்டிரண்டு தேவைப்பட்டன.

இரண்டாவது காரணம் சாலை. லாரி களத்துமேட்டுக்கே வந்து நின்றது. வெற்றுப் பெட்டிக்கு எழுதி வைத்துக் காத்திருக்க வேண்டுவதில்லை. மாலையில் ஏற்றிய மூட்டை மறுநாட்காலையில் சென்னையில் இருந்தது. 1972 முதல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றிப் பேருந்துகள் சிற்றூர்தோறும் செல்லத் தொடங்கின. நாளைக்குச் சில முறையே வரும் புகைவண்டிக்காக இரண்டு மைல் நடப்பதைக் காட்டிலும், ஊர் நடுவே வந்து நிற்கும் பேருந்தில் ஏறுவதையே மக்கள் விரும்பினர். அதனைக் குறை கூறல் இயலாது.

மூன்றாவது காரணம் புகைவண்டித் துறையின் கொள்கை மாற்றம். ஒவ்வொரு நிலையத்திலும் நின்று ஒன்றிரண்டு பெட்டிகளைக் கோக்கும் முறையால் காலமும் எஞ்சினும் வீணாகின்றன என்று கண்டனர். 1980 களில், ஒரே பொருளை ஒரே இடத்துக்குக் கொண்டுசெல்லும் முழு வண்டித் தொடர்களுக்கே முதலிடம் அளித்தனர். நிலக்கரி, சிமெண்டு, உரம், உணவுத் தானியம் ஆகியவை இவ்வாறு செல்வதால் நாட்டுக்கு நன்மையே. ஆனால் நாற்பது மூட்டை வைத்திருக்கும் உழவர் நாற்பது பெட்டி நிரப்புவது எங்ஙனம்? சிறு நிலையங்களின் சரக்குக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிலையங்கள் உறங்கத் தொடங்கின.

இங்கு அறிவியல் உண்மை ஒன்றையும் நினைவிற் கொள்ளுதல் நலம். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ரப்பர்ச் சக்கரம் சாலையில் உருளும்போது உராய்வு மிகுதி. ஆதலால் ஒரே எடையை ஒரே தொலைவு கொண்டுசெல்ல லாரியைவிடப் புகைவண்டிக்குக் குறைந்த ஆற்றலே போதும். சரக்கு தண்டவாளத்தைவிட்டுச் சாலைக்குச் சென்றபோது உழவரின் காத்திருப்பு நீங்கியது. நாட்டின் எரிபொருட் செலவும் சாலையின் தேய்மானமும் கூடின. இலாபம் ஓரிடத்திலும் செலவு வேறோரிடத்திலும் விழுந்தமையால், இரண்டையும் ஒருங்கே வைத்துக் கணக்குப் பார்த்தவர் சிலரே.

மறைந்த பாதைகள்

எங்கள் பாதையின் நிலை தளர்ச்சியோடு நின்றது. அண்டைப் பகுதிகளில் பாதைகள் அடியோடு மறைந்ததும் உண்டு. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில் உணவு சென்று சேராமையால் மக்கள் பெருந்தொகையினர் மாண்டனர். அதன்பின் பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுசெல்வதற்கென்றே சில குறும்பாதைகள் அமைத்தனர். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905 இலும், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906 இலும் பாதைகள் திறக்கப்பட்டன. பின்னது 1913 இல் ஓசூர்வரை நீண்டது. இவற்றின் அகலம் இரண்டரை அடியே. வருவாய் போதவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941 இல், இரண்டும் மூடப்பட்டன. அதன்பின் கிருஷ்ணகிரி நகருக்குப் புகைவண்டி திரும்பவில்லை. பசிக்கென்று போட்ட பாதையை வருவாயால் அளந்தனர், எடுத்துவிட்டனர்.

சோழ நாட்டிலும் இவ்வாறே. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926 இல் வந்த பாதை 1986 இல் மூடப்பட்டது. நீடாமங்கலம் மன்னார்குடிப் பாதை 1976 இல் நின்றது; ஆயினும் 2011 இல் உயிர் பெற்றது. உப்பளங்கள் நிறைந்த வேதாரணியம் பக்கத்துக்குச் சென்ற திருத்துறைப்பூண்டி அகத்தியம்பள்ளிப் பாதை 2004 இல் நின்று, 2023 இல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. மதுரையிலிருந்து ஏலக்காய் மலையடிவாரத்துப் போடிநாயக்கனூருக்குச் சென்ற பாதை 2010 இன் இறுதியில் நின்று, 2023 இல் மீண்டது. பன்னிரண்டு ஆண்டு என்பது ஒரு குழந்தை பிறந்து உயர்நிலைப் பள்ளியில் சேரும் காலம். அவ்வளவு காலம் ஓர் ஊர் வண்டிக்காகக் காத்திருந்தது.

பாலை நிலத்துப் பாதை

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி மழை அரிதாகிய செந்நிலம். அங்கே ஆட்டு மந்தைகளும் மாட்டு மந்தைகளும் வளர்ப்போர்க்கு வேண்டிய பொருள்களை முதலில் ஒட்டகங்களே சுமந்தன. அவற்றை ஓட்டுவதற்கு ஆப்கானிஸ்தானத்திலிருந்தும், அந்நாள் இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளிலிருந்தும் பலர் அங்குச் சென்றனர். பின்னர்த் தென்கரையிலுள்ள போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கு நோக்கி இருப்புப் பாதை சென்றது. அது உட்னடாட்டா என்னும் சிற்றூரை அடைந்ததும் 1891 ஆம் ஆண்டிலேயே. எங்கள் பாதையும் அப்பாதையும் ஒரே வயதின. 1929 இல் அது ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊர்வரை நீண்டது. ஒட்டகம் ஓட்டியவர்களின் நினைவாக அவ்வழியே ஓடிய வண்டிக்கு ‘கான்’ என்னும் பெயர் வழங்கியது. ஆப்கான் என்பதன் குறுக்கம் அது.

அப்பாதையும் குறுகிய பாதையே, மூன்றடி ஆறங்குலம். மழை அரிதாயினும் பெய்யும்போது வெள்ளமாகப் பெய்து பாதையை அரித்துச் சென்றுவிடும். வண்டி நாட்கணக்கில் வழியில் நிற்பதும் உண்டு. இறுதியில் வெள்ளம் அணுகாதவாறு மேற்கே நெடுந்தொலைவில் வேறொரு புதிய பாதை அமைத்து, 1980 இல் அதனைத் திறந்தனர். பழைய பாதையை மூடினர். புதிய பாதை 2004 இல் வடகரையிலுள்ள டார்வின் நகரம்வரை நீண்டது. பழைய பாதையை நம்பி வாழ்ந்த சிற்றூர்களிலிருந்து மக்கள் குறைந்தனர். உட்னடாட்டாவின் நிலையக் கட்டடம் இன்று பழம்பொருட் காட்சிச் சாலையாக இருக்கிறது. ஒட்டகத்தைப் புகைவண்டி வென்றது. புகைவண்டியைப் பல வண்டிகள் கோத்த நெடிய லாரி வென்றது. எங்களுக்கு ஒரு நற்பேறு உண்டு: எங்கள் பாதை இடம் மாறவில்லை; அதே இடத்திலேயே அகன்றது.

மீண்டும் வந்த வண்டி

பல்வகைப் பாதைகளையும் ஒரே அகலமாக்க வேண்டும் என்னும் திட்டத்தை இந்திய அரசு 1992 இல் மேற்கொண்டது. அத்திட்டத்தின்படி விழுப்புரம் காட்பாடிப் பாதையிலும் மீட்டர் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. சில ஆண்டுகள் வண்டியே இல்லை. அந்நாட்களில் ஒருமுறை அத்தையோடு துரிஞ்சாபுரம் நிலையத்துக்குச் சென்றிருந்தேன். தண்டவாளம் எடுத்த இடத்தில் ஜல்லி மட்டும் கிடந்தது. அத்தைக்கு அப்பொழுது எழுபதை நெருங்கும் வயது. கூடை சுமப்பதை அவர் முன்னரே குறைத்துக்கொண்டிருந்தார். ஆயினும் அவருடைய மருமகள் அத்தொழிலைத் தொடர்ந்து வந்தார். வண்டி நின்றதும் பேருந்தில் போனார். கூடைக்குத் தனிக் கட்டணம். நெரிசலில் கீரை கசங்கியது. இருமுறை ஏறி இறங்கியதும் அன்றைய இலாபம் கரைந்தது. ஓராண்டுக்குள் அவர் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கூலி வேலைக்குச் செல்லத் தொடங்கினார். சேர்ந்து சென்ற பன்னிரு பெண்களும் திசைக்கொருவராகப் பிரிந்தனர். “நல்ல வண்டி வரட்டும், தம்பி, வேண்டாம் என்று யார் சொல்வார்? அதுவரையில் நாங்கள் எதில் போவது என்று ஒருவராவது கேட்டிருக்கலாம்” என்று அத்தை சொன்னார்.

2010 ஆம் ஆண்டில் அகலப் பாதை திறக்கப்பட்டது. காட்பாடியில் மூட்டை மாற்றும் தொல்லை நீங்கியது. நாட்டின் எத்திசையிலிருந்தும் வண்டி நேரே திருவண்ணாமலைக்கு வரலாம் என்னும் நிலை உண்டாயிற்று. முழுநிலா நாட்களில் மலையை வலம்வரும் மக்கள் பெருந்திரளாகப் பெருகியுள்ள இக்காலத்தில் இது சிறிய நன்மையன்று. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வேலூர்க் கன்டோன்மென்ட்டு வரை ஓடிய வண்டி 2024 ஆம் ஆண்டில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. இது மக்கள் பல்லாண்டு வேண்டிப் பெற்றது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் புதுப்பாதை அமைக்கவும் 2006-07 ஆம் ஆண்டில் ஒப்புதல் கிடைத்தது. அது முற்றுப்பெறின், 1896 இல் ஒரு சிறுவர் தவறாக எண்ணி வாங்கிய திண்டிவனச் சீட்டே சரியான வழியாகிவிடும்!

அகலப் பாதை வந்த பின்னர் அத்தையை ஒருநாள் வண்டியில் அழைத்துச் சென்றேன். பெட்டி உயர்ந்து அகன்றிருந்தது, குலுக்கம் இல்லை. அவர் ஏறி அமர்வதற்குள் வண்டி நகர்ந்தது. வேறொரு விரைவு வண்டி அந்நிலையத்தில் நில்லாமலே சென்றதையும் கண்டோம். அத்தை சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “வண்டி பெரிதாகிவிட்டது, நிற்கும் நேரம் சிறிதாகிவிட்டது” என்றார். ஒரு துறையின் நூறாண்டு வரலாற்றை அவர் ஒரு தொடரில் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றிற்று.

மாணவர்களே! பழைய வண்டி பழைமையானது என்பதற்காகவே அதனைப் போற்றுதல் அறிவுடைமையாகாது. மூட்டையை இருமுறை சுமந்தவரின் தோள் வலியை நாம் மறத்தலாகாது. புதியது விரைவானது என்பதற்காகவே அதனை வணங்குதலும் நன்றன்று. விரைவு பெற்றவர் பலராயினும், விடுபட்டவர் சிலரேனும் இருப்பர். நாளை உங்களுள் சிலர் பொறியாளராகலாம். சிலர் ஆட்சிப் பொறுப்பில் அமரலாம். பாதை போடவும் எடுக்கவும் ஆணையிடலாம். அப்பொழுது வருவாய்க் கணக்கைப் பாருங்கள்; அத்துடன் அவ்வண்டியில் கூடையோடு ஏறுபவர் யார், அது நிற்கும் நாளில் அவர் எதில் செல்வார் என்னும் வினாவையும் கேளுங்கள். அத்தை கேட்க விரும்பிய வினா அதுவே.

அருஞ்சொற்பொருள்

மானாவாரி – மழையை மட்டும் நம்பிப் பயிரிடும் நிலம்
மண்டி – விளைபொருளை மொத்தமாக விற்கும் இடம்
தேய்மானம் – பயன்படுத்துவதால் உண்டாகும் குறைவு
உராய்வு – இரு பொருள்கள் ஒன்றையொன்று தேய்த்தலால் எழும் தடை
குத்தகை – குறித்த தொகைக்கு நிலத்தைப் பயிரிட விடுதல்
நற்பேறு – நல்வாய்ப்பு

பயிற்சி

1. மீட்டர் பாதைகள் அமைக்கப்பட்டதற்குக் காரணம் யாது?
2. வேங்கடராமன் திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கியது ஏன்?
3. ஆசிரியரின் பாட்டனார் மலையின் வடபுறமாகப் போய்த் தென்புறமாகத் திரும்பியதன் காரணத்தை எழுதுக.
4. ஒற்றைப் பாதையில் வண்டிகள் மோதாமல் இருக்கச் செய்த ஏற்பாட்டை விளக்குக.
5. சிறு நிலையங்களின் தளர்ச்சிக்கு உரிய மூன்று காரணங்களையும் சுருக்கி எழுதுக.
6. “பசிக்கென்று போட்ட பாதையை வருவாயால் அளந்தனர்” – இதன் பொருளை இடஞ்சுட்டி விளக்குக.
7. உங்கள் ஊரில் மறைந்த அல்லது மாறிய போக்குவரத்து ஒன்றைப் பற்றி முதியோரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.